மச்சான் போட்ட கேஸில் நான் ஜெயித்த கதை

கோர்ட்டில் ஒரு கேஸ் ஜெயித்தால் மனிதர்கள் வெடி போடுவார்கள். குறைந்தபட்சம் நாலு பேருக்கு டீயாவது வாங்கிக் கொடுப்பார்கள். நான் ஜெயித்த அன்று ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் வரை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். உட்கார இடம் இருந்தது. ஆனால் அது என் மனைவி மல்லிகாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

கீரமங்கலத்தில் எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபம் உண்டு. மல்லிகாவின் அண்ணன் சின்னையா அதே ஊரில் பூ கமிஷன் கடை வைத்திருக்கிறார். ஒரு சித்திரை மாதக் கல்யாணத்தில், பந்தி நடக்கும் கூடத்துக்குப் பக்கத்தில் அண்டா கழுவிய தண்ணீர் வழிந்து கிடந்ததை எங்கள் ஆட்கள் துடைக்கவில்லை. (‘எங்கள் ஆட்கள்’ என்பது நானாகப் போட்டுக்கொண்ட போர்வை. துடைக்கச் சொல்ல மறந்தது நான்தான்.) மச்சான் அதில் வழுக்கி விழுந்தார். முழங்கால் உடைந்து, ஆபரேஷன் ஆகி, கடைப் பக்கமே போக முடியாமல் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார்.

ஆஸ்பத்திரிச் செலவை நான் ஏற்றுக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் என்னிடம் இன்சூரன்ஸ் இருந்தது. மண்டபத்துக்கு வருகிறவர்களுக்கு அடிபட்டு, அவர்கள் நம் மேல் வழக்குப் போட்டால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். ‘பார்த்துக்கொள்ளும்’ என்றால் ‘கொடுத்துவிடும்’ என்று நான் புரிந்துகொண்டேன். கைக்காசு செலவில்லாமல் மனைவி வீட்டில் பெரிய மனுஷன் ஆகிவிடலாம் என்று எனக்கு ஒரே குஷி.

மச்சானிடம் போய், என் மேல் கேஸ் போடச் சொன்னேன். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“தங்கச்சி வீட்டு மேல கேஸ் போடுறதா? ஊரு என்ன பேசும் மாப்ளே?”

“பேருக்குத்தான் மச்சான் நானு. குடுக்கப் போறது கம்பெனி” என்றேன்.

அவர் மசியவில்லை. தினமும் போய்ப் பேசிப் பேசி அவரைக் கரைத்தேன். ஆலங்குடியில் அவருக்கு வக்கீல் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். (தன் மேல் கேஸ் போடத் தானே வக்கீல் தேடி அலைந்தவன் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேறு யாராவது இருந்தால், அவரைப் பார்த்துக் கையைக் குலுக்க ஆசை.)

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. கல்யாணப் பத்திரிகை வந்த மாதிரி சந்தோஷமாக வாங்கி, கம்பெனிக்கு அனுப்பினேன். சில வாரம் கழித்துத் திருச்சியிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். இளைஞர், ரொம்ப மரியாதையானவர். காபி கொடுத்துவிட்டு, பணம் எப்போது வரும் என்று கேட்டேன்.

“பணமாங்க? நான் ஒங்களுக்காக வாதாட வந்துருக்கேன். ஒங்க மேல கேஸ் வந்தா, வக்கீல் வச்சு ஒங்களைக் காப்பாத்துறது கம்பெனியோட கடமைங்க.”

“என்னைக் காப்பாத்த வேணாங்க. தப்பு எங்க மேலதான்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். இதை இனி யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். நானாகத் தப்பை ஒப்புக்கொண்டால் கம்பெனி கை கழுவிவிடலாமாம். அதற்கப்புறம் வக்கீல் செலவு, தீர்ப்பு எல்லாம் என் தலையில்தானாம். கோர்ட் கொடுக்கச் சொன்னால் கம்பெனி கொடுக்கும். அப்படிச் சொல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை.

அடுப்படியிலிருந்து மல்லிகா எட்டிப் பார்த்தாள். “அப்ப எங்கண்ணனைத் தோக்கடிக்கத்தான் வந்துருக்கீங்களா சார்?”

“கேஸ் போட்டவரு ஒங்க அண்ணனாங்க?” என்று வக்கீல் என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன்.

அன்றே போய் மச்சானிடம், ‘நான் புரிந்துகொண்டது தப்பு, கேஸை வாபஸ் வாங்குங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் பெரிய விவரக்காரன் மாதிரி பேசிவிட்டு அதை எப்படிச் சொல்வது? உடைந்த காலைப் பார்த்தால் ஜட்ஜுக்கே மனசு இளகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

விசாரணை அன்று மச்சான் ஊன்றுகோலோடு கூண்டில் ஏறினார். என் தரப்புத் திருச்சி வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. நடக்கும்போது செல்லில் பேசினீர்களா என்று கேட்டார். மல்லிகைப் பூ விலை பேசிக்கொண்டு வந்ததாக மச்சான் சொன்னார். தண்ணீர் கிடந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

“பாத்தேங்க. தங்கச்சி மண்டபந்தானேன்னு வந்துட்டேன்.”

பொய் சொல்லத் தெரியாத மனிதர். வக்கீல் அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டார்.

பிறகு என் முறை. நான் பிடித்துக் கொடுத்த வக்கீல் என்னிடமே வந்து, தரை ஈரமாக இருந்ததா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திருச்சி வக்கீலைப் பார்த்தேன். மல்லிகாவைப் பார்த்தேன். மண்டபத்தை அடமானம் வைக்கிற காட்சி கண்ணுக்குள் ஓடியது.

“மழைக்காலம்ங்க” என்றேன்.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். “சித்திரை மாசத்துலயா?”

கோர்ட்டே சிரித்தது. மச்சான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். என்னை நினைத்துத்தான் அவருக்கு வெட்கம் என்பது எனக்குத் தெரிந்தது.

தண்ணீரைப் பார்த்தும் போனில் பேசிக்கொண்டே நடந்தது அவர் கவனக்குறைவு என்று வழக்கு தள்ளுபடியானது. திருச்சி வக்கீல் எனக்குக் கை கொடுத்தார். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிச் செலவுப் பணத்தை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்கு ஓடினேன்.

“வச்சுக்க மாப்ளே. ஒன் மேல தப்பில்லன்னு கோர்ட்டே சொல்லிருச்சுல்ல” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

அந்த ஆவணியில் எங்கள் மகளுக்குக் காதுகுத்து. மச்சான் வந்தார், சரியாக மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டார், சீர் எல்லாம் குறைவில்லாமல் செய்தார். பந்தியில் உட்காராமல் போய்விட்டார்.

இப்போது வருகிறார், சாப்பிடுகிறார், என்னோடு பூ விலை, பஸ் நேரம் எல்லாம் பேசுகிறார். வீட்டில் நான் எதையாவது மழுப்பினால் மல்லிகா, “என்னங்க, மழைக்காலமா?” என்பாள். மார்க் ஏன் குறைந்தது என்று கேட்டால் மகளும் அதையே சொல்கிறாள். விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். மச்சான் மட்டும் இதுவரை ஒரு தடவைகூட அந்தக் கேலியைச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை சொல்லிவிட மாட்டாரா என்று இருக்கிறது.