வியாழக்கிழமை ரயிலில் பிள்ளைகள் வராத காரணம்

அன்பும் கோபமும் சம அளவில் நிறைந்த என் அக்கா பொன்னுத்தங்கம் அவர்களுக்கு,

விருதுநகரிலிருந்து தம்பி சங்கரபாண்டியன் இரு கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் கற்பகவல்லியும் உங்கள் பிள்ளைகள் இருவரும் சுகம். சென்னையில் நீங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள், நேற்று சாயங்காலம் ஏறிய உங்கள் ரத்த அழுத்தமும் இதற்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். நேற்றிலிருந்து நான் போனில் "அக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் கோடு விழுகிறது, பதில் விழவில்லை. கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் நீங்கள் படிக்காமல் எதையும் கிழிப்பவர் இல்லை என்ற தைரியத்தில் கூரியரில் அனுப்புகிறேன்.

முதலில் யூனிஃபார்ம் விஷயம். விருதுநகரில் நன்றாகத் தைப்பார்கள் என்று நீங்கள் அனுப்பிய துணியை லீவு தொடங்கியதுமே டெய்லர் அய்யாதுரையிடம் கொடுத்து, தருண்குமாரை நிறுத்தி அளவும் எடுத்தாயிற்று. அய்யாதுரை தைத்துக் கொடுத்தது திங்கட்கிழமை. இடைப்பட்ட நாட்களில் உங்கள் மகன் நம் ஊர் எண்ணெய்ப் புரோட்டாவோடு கொண்ட நட்பை அவர் கணக்கில் எடுக்கவில்லை. சட்டைப் பொத்தான் துளைக்கு நாலு விரல் தள்ளி நிற்கிறது. கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அளவு தப்பில்ல அண்ணாச்சி, பிள்ளைதான் தப்பு" என்றார். ஓரத்தைப் பிரித்து இரண்டு பக்கமும் துணி விட்டிருக்கிறது. மூச்சை ஆழமாக இழுக்காதவரை நிற்கும். பிரார்த்தனை நேரத்தில் மட்டும் பார்த்துப் பாடச் சொல்லுங்கள்.

அடுத்தது முடி. செவ்வாய்க்கிழமை சலூனில் அவனை உட்காரவைத்துவிட்டு ஒரு போன் பேச வெளியே போனேன். ஆர்டர் விஷயம், சீக்கிரம் முடியவில்லை. திரும்பி வந்தால் காதுக்கு மேலே மின்னல் வெட்டியதுபோல ஒரு கோடு. "மாமா சொன்னாக" என்று இவன் சொல்லியிருக்கிறான், சலூன்காரரும் நம்பியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் விடமாட்டார்கள் என்று அந்தக் கோட்டைச் சரிசெய்யப் போய், அந்தச் சரியைச் சரிசெய்யப் போய், கடைசியில் மொட்டை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டுதல் என்று உங்களுக்கு எழுதச் சொன்னாள் கற்பகவல்லி. அம்மன் பேரில் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிள்ளைக்கு மொட்டை நன்றாகவே இருக்கிறது. தலை உருண்டை, அத்தான் ஜாடை.

பிரீத்திகாவின் லீவு புராஜெக்ட் பற்றி நீங்கள் கேட்டதாகச் சொன்னாள். நீரின் சுழற்சி, ஒரு சார்ட். அச்சகம் வைத்திருக்கும் தாய்மாமன் இருக்கும்போது பிள்ளை ஸ்கெட்ச் பேனாவால் கிறுக்குவதா என்று ஒரு ரோஷம் வந்துவிட்டது எனக்கு. அவள் வரைந்ததைப் பிரஸ்ஸுக்கு எடுத்துப் போய், நாலு கலரில் அடித்துக் கொடு என்று மிஷின்மேனிடம் சொல்லிவிட்டு வேறு வேலையில் இறங்கிவிட்டேன். காலண்டர் அடித்தே பழகின கை அல்லவா. மேலே லட்சுமி, கீழே கடைப்பெயர் போட வெற்றிடம், நடுவில் கடலும் ஆவியும் மழையும். ஒன்று போதும் என்று நான் சொல்ல மறந்ததால் ஆயிரம். பிரீத்திகா அதைப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டாள்: "மாமா, மேகத்துல எதுக்கு லட்சுமி உக்காந்திருக்காக?" ஆனால் அன்றைக்குப் பிரஸ்ஸுக்கு வந்திருந்த காரியாபட்டி உரக்கடைக்காரர் அதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. "வெள்ளாமை பண்ற சம்சாரிகளுக்குக் கொடுக்க இதவிட என்ன வேணும், மழையும் வருது, மகாலட்சுமியும் வர்றா" என்று வரும் வருஷத்துக் காலண்டருக்கு அதையே கேட்டுவிட்டார். உங்கள் மகளின் முதல் ஆர்டர், அக்கா. டீச்சருக்காக அவள் கையாலேயே இன்னொன்று வரைந்துவிட்டாள். அதில் மேகம் மட்டும்தான் இருக்கிறது.

இனி நீங்கள் கேட்க விரும்பும் வியாழக்கிழமைக்கு வருகிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

சாயங்காலம் ரயில். நானே கூட வந்து விடுவதாக ஏற்பாடு. காலையில் நான் சிவகாசிப் பிரஸ்ஸுக்குக் கிளம்பும்போது தருண், "பிரஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டு வந்துருதேன் மாமா" என்று வண்டியில் ஏறிக்கொண்டான். முதுகில் ஒரு பை. ஏதோ பொம்மை கிம்மை என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிடலாம் என்றுதான் கூட்டிப் போனேன். அவனும் மிஷின் மிஷினாகப் போய் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தான். பைண்டிங் பிரிவில் சண்முகத்தாய் அவனுக்குத் திருநீறு பூசி, கன்னத்தைக் கிள்ளி அனுப்பினாள். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

கிளம்பலாம் என்று கூப்பிட்டேன், பதில் இல்லை. கழிப்பறை, பேப்பர் குடோன், மாடி, எங்கும் இல்லை. மிஷின் ஓடும் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். சீசன் ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரஸ்ஸை நிறுத்துவது எங்கள் தொழிலில் சாவு வீட்டுக்குச் சமம். அந்த நிசப்தத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டேன். என் குரல்தான் திரும்பி வந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது, அக்கா. வெளியே நாரணாபுரம் ரோடு. பட்டாசு லோடு ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். செருப்பில்லாமல் அந்த ரோட்டில் ஓடினேன். டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில், எதிரே வந்தவரிடமெல்லாம், "மொட்டத்தலைப் பையன் ஒருத்தனப் பாத்தீகளா" என்று கேட்டேன். கேட்கும்போதே உங்கள் முகம் கண் முன்னால் வந்து நின்றது. உங்களிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

கண்டுபிடித்தது சண்முகத்தாய், வெயில் தாழ்ந்த பிறகு. எங்கள் கட்டிங் மிஷினில் விழுகிற காகிதத் துண்டுகளைப் பின்னறையில் கொட்டி வைப்போம், வாரம் ஒருமுறை வியாபாரி வந்து அள்ளிப் போவார். ஆள் உயரத்துக்கு வண்ண வண்ணமாகக் கிடக்கும், பஞ்சு மெத்தை தோற்கும். அந்தக் குவியல் மூச்சு விடுவதை அவள் பார்த்திருக்கிறாள். "அண்ணாச்சி, இங்கன வாங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் நான் விழுந்தடித்து ஓடினேன். உள்ளே போர்வை விரித்து, பையைத் தலைக்கு வைத்து உங்கள் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் தண்ணீர் பாட்டில். காலி செய்த டிபன் பாக்ஸ். அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். மொட்டைத் தலையில் ஒட்டியிருந்த ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்துப் போட்டேன், கை அதோடு இறங்கிவிட்டது. அவன் கண் விழித்து முதலில் கேட்டது, "ட்ரெயின் போயிருச்சா மாமா?"

"ஏலே, எதுக்குலே இப்படிப் பண்ண?" என்றேன்.

"அங்கன ஸ்கூல் விட்டு வந்தா வீட்டுல யாருமே இருக்க மாட்டாக. நானும் பிரீத்திகாவும் மட்டும் டிவி பாப்போம். இங்கன எம்புட்டு பேரு இருக்காக" என்றான்.

அக்கா, இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் அந்த ஊரில் குடும்பம் ஓடும், எனக்குத் தெரியாதா. சாயங்காலம் ஆள் இல்லாத வீடு எங்களுக்கும் தெரியும். சுகிர்தா கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து நானும் கற்பகவல்லியும் டிவிதான் பார்க்கிறோம். மகள் இந்த லீவுக்கும் ஏதோ பயிற்சி என்று அங்கேயே தங்கிவிட்டாள். அதனால்தானோ என்னவோ, அந்த டிபன் பாக்ஸைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. அது எங்கள் வீட்டு டிபன் பாக்ஸ். போர்வையும் எங்கள் வீட்டுப் போர்வை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "பிள்ளைக்குப் பசிக்காதா? அதான் தயிர்சோறு கட்டிக் கொடுத்தேன்" என்றாள் கற்பகவல்லி.

"போர்வை எதுக்கு?"

"காகிதம் குத்தும்லா?"

பிரீத்திகாவின் பெட்டியைப் பார்த்தேன், திறந்தே கிடந்தது. துணியெல்லாம் மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர. ரயில் நிலையத்துக்கு ஓடிப் பார்த்தோம், ரயிலின் வாலைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் பேசியதை நான் இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை.

தவறு முழுவதும் எங்களுடையது. பிள்ளையைத் திட்டாதீர்கள், கற்பகவல்லியைத் திட்டுவதென்றால் என் வழியாகத் திட்டுங்கள். கண்டிப்பாகச் சொல்கிறேன், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும்போது இரண்டு பேரும் வகுப்பில் இருப்பார்கள். நாளை, சனிக்கிழமை பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாயிற்று. அதுவரை தருணின் கையை நான் விடப்போவதில்லை. லீவு என்றால் ஒருநாள் முடியத்தான் வேண்டும், படிப்பு முக்கியம், பாசத்துக்காகப் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கெடுக்கக் கூடாது என்று மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். மூன்று பேரும் அழுதார்கள். நான் அசையவில்லை.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நம் குலசாமி புண்ணியத்தில் உங்கள் உடம்பு நன்றாக இருக்கட்டும், கோபமும் சீக்கிரம் ஆறட்டும்.

உங்கள் பாதம் பணியும் தம்பி,
சங்கரபாண்டியன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் டிவியில் செய்தி ஓடுகிறது. வெயில் காரணமாகப் பள்ளிக்கூடங்கள் ஒரு வாரம் கழித்துத்தான் திறக்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆகவே கண்டிப்பு என்று மேலே நான் எழுதிய இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். பஸ் டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. செய்தது கற்பகவல்லி இல்லை, நான்தான், செய்தி முடிவதற்கு முன்னாலேயே. நீங்களும் அத்தானும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வாருங்கள். இந்த ஊர் வெயிலைப் பற்றி இத்தனை வருஷமாக நான் உங்களிடம் திட்டித் தீர்த்த எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.