சூலம் பார்த்துப் புறப்பட்ட கமரா

எனக்குத் திட்டம் போடுகிற வியாதி உண்டு. கணித ஆசிரியைகளுக்கு வரக்கூடிய வியாதிதான். மற்றவர்கள் வெளியே புறப்பட்டால் செருப்பைத் தேடுவார்கள். நான் அட்டவணை கீறுவேன். அந்த வியாதி முற்றிப்போயிருந்த ஒரு மாசி மாதத்தில் நடந்ததைத்தான் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் பறவை பார்க்கும் சங்கத்தில் அப்போது ஏழு பேர். நூலகச் சுவர் ஒன்றில் எங்கள் படங்களைக் கண்காட்சியாக வைக்க இடம் கிடைத்திருந்தது. ஆளுக்கொரு பறவை. எனக்குப் பூநாரை. மற்ற ஆறு பேரும் படங்களைக் கொடுத்துவிட்டார்கள். சுவரின் நடுவே இருந்த பெரிய சட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை திறப்பு. பூநாரைகள் மண்டைதீவுப் பக்கம் கடனீரேரியில் நிற்பதாகக் கேள்வி. என் கையில் மிச்சமிருந்தது ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை.

அதற்கு முன் இரண்டு தடவை எல்லோருமாகப் போய் வெறுங்கையோடு வந்திருந்தோம். முதல் தடவை தேத்தண்ணிக் கடையில் வடை சூடாக இருந்தது. இரண்டாம் தடவை சங்கத் தலைவர் வழியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குள் 'ஒரு நிமிஷம்' என்று போனார். (அந்த நிமிஷத்துக்குள் நாங்கள் எல்லோரும் இடியப்பம் சாப்பிட்டு முடித்தோம்.) சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன்.

"எங்கடை பிழை கமராவிலை இல்லை, திட்டத்திலைதான். இந்தமுறை நான் போடுறன். நான் சொல்லுறபடி எல்லாரும் நடக்கவேணும்."

தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர், சாந்தமான மனிதர். "சரி ரீச்சர், உங்கடை பொறுப்பு. படம் வராட்டில் அந்த இடத்திலை என்ரை காகத்தைப் போடுவம்" என்றார்.

அவருடைய காகத்தை நான் பார்த்திருக்கிறேன். பாதிக் காகம்தான் படத்துக்குள் வந்திருந்தது. அன்றிரவே வரைபுத்தாளும் மூன்று நிறப் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன்.

ஐந்து மணிக்கு நீர்வேலியில் எங்கள் வீட்டு வாசலில் வான். ஐந்தே முக்காலுக்குப் பண்ணைப் பாலம். இடையில் நிறுத்தம்: பூச்சியம். தேத்தண்ணி பிளாஸ்க்கில். வெள்ளை, சிவப்பு உடுப்புத் தடை. கைபேசிகள் எல்லாம் ஒரு விசுக்கோத்து ரின்னுக்குள், சத்தம் நிறுத்தி, தலைவர் மடியில். புதன்கிழமை விடியவே வானோடு ஒத்திகையும் பார்த்தேன். (றைவர் ராசன் அண்ணை, "தங்கச்சி, கலியாணத்துக்குக்கூட இப்பிடி ஓடினதில்லை" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.) கமராவில் வேகம், வெளிச்சம், குவியம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிசெய்து வைத்தேன். அங்கே போய்ப் பொத்தானை அமர்த்த வேண்டியதுதான் மிச்சம்.

இவ்வளவுக்கும் பிறகு சனிக்கிழமை பின்னேரம் அம்மா பஞ்சாங்கத்தோடு வந்தார்.

"பிள்ளை, நாளைக்கு மேற்கை சூலம். நீ போறது மேற்குப் பக்கம்."

"அம்மா, பூநாரைக்குப் பஞ்சாங்கம் தெரியாது."

"உனக்குத் தெரியவேணும் எல்லே. இண்டைக்கு மேற்குக்குப் பிழையில்லை. உன்ரை முக்கியமான சாமான் ஒண்டை நல்ல நேரத்திலை மேற்குப் பக்கத்து வீட்டிலை கொண்டுபோய் வைப்பம். அப்ப பயணம் இண்டைக்கே துவங்கினதாப் போயிடும். விடியப் போகேக்கை எடுத்துக்கொண்டு போ."

வாதாட அட்டவணையில் நேரம் ஒதுக்கியிருக்கவில்லை. அம்மா கமராப் பையைத் தூக்கிக்கொண்டு மேற்கு வீட்டுக் குலமண்ணையின் மனைவி கமலாக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். நானும் ஒழுங்கான பெண்ணாக, பட்டியலில் 'கமரா' என்பதற்கு நேரே, 'புறப்பட்டது' என்ற நிரலில் சரி அடையாளம் போட்டேன்.

விடிய ஐந்து மணிக்கு வானுக்குள் நின்று பட்டியலை உரக்க வாசித்தேன். தண்ணீர், சரி. பிளாஸ்க், சரி. முக்காலி, சரி. கமராவுக்கு ஏற்கெனவே சரி போட்டிருந்தது. தாண்டிப் போனேன். வானும் கமலாக்காவின் படலையைத் தாண்டிப் போனது.

ஐந்து நாற்பத்துமூன்றுக்குப் பண்ணைப் பாலம். இரண்டு நிமிஷம் முந்திவிட்டோம். எனக்குத் தலை கால் தெரியாத பெருமை. விடிவெளிச்சம் பரவியபோது அவை நின்றன. நூற்றுக்கணக்கில், கரைக்கு இவ்வளவு கிட்ட, ஒற்றைக் காலில். நான் முக்காலியை ஊன்றினேன்.

"ரீச்சர், கமரா எங்கை?" என்று தலைவர் மெல்லக் கேட்டார்.

வானுக்குள் மூன்று தடவை தேடினேன். பிறகு பட்டியலைப் பார்த்தேன். சரி அடையாளம் பட்டியலில் இருந்தது. கமரா கமலாக்கா வீட்டில் இருந்தது.

மற்றவர்களின் கமராவில் ஒன்றை வாங்கியிருக்கலாம். யாரும் கொண்டு வரவில்லை. அனாவசிய அசைவு வேண்டாம், இன்றைக்கு ஒரு கமரா போதும் என்று தடை போட்டவள் நானேதான். தலைவரின் மடியில் இருந்த கைபேசியில் அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். அது திட்டத்தில் இல்லை. "ராசன் அண்ணை, திருப்புங்கோ வானை" என்றேன். மற்றவர்களைக் கரையில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பறந்தோம்.

கோப்பாய்க்குக் கிட்ட எதிரே ஒரு மோட்டார் சைக்கிள், சைலன்சர் இல்லாத முழக்கத்தோடு, வெளிச்சத்தைக் கண்ணில் அடித்துக்கொண்டு போனது.

"எங்கடை குலமண்ணையின்ரை வண்டி மாதிரிச் சத்தம்" என்றார் ராசன் அண்ணை.

"உப்பிடியும் வேறை ஒண்டு இருக்குது பாருங்கோ. உது போற பக்கம் ஒரு பறவை மிஞ்சாது" என்றேன்.

கமலாக்கா வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார்.

"நீர் ஏன் இஞ்சை நிக்கிறீர்? விடிய எழும்பிப் பாத்தால் பை கிடக்குது. பாவம், பிள்ளை விட்டிட்டுப் போட்டுது எண்டு இவர் அப்பவே கொண்டு வெளிக்கிட்டிட்டார். கொம்மாவும் எத்தினை தரம் போன் அடிச்சவ."

வாழைத்தோட்டத்தைத் தவிர எங்கும் அவசரமாகப் போகாத குலமண்ணை, என் மானத்தைக் காப்பாற்ற மண்டைதீவுக்கு முறுக்கிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு நன்றியும் அழுகையும் ஒன்றாக வந்தன. திரும்பி ஓடினோம்.

நான் இறங்கியபோது கடனீரேரியில் தண்ணீர் மட்டும் நின்றது. பூநாரைகள் தூரத்தில் மெல்லிய கோடாகத் தெரிந்தன. கரையில் ஆறு பேரும் குலமண்ணையைச் சுற்றி நின்றார்கள்.

"தங்கச்சி, குறை நினையாதையும்" என்றார் குலமண்ணை. "என்ரை வண்டிச் சத்தத்துக்கு எல்லாம் எழும்பிட்டுது. நீர் வந்து கேட்டால் என்ன பதில் சொல்லுறது எண்டு பயந்து, பையைத் திறந்து, தலைவர் காட்டின பொத்தானை ஒருக்கா அமத்தினனான்."

கமராவை வாங்கிப் பார்த்தேன். கூட்டம் முழுவதும் நீரை விட்டு எழும்புகிறது. இளஞ்சிவப்பு இறக்கைகள், கறுத்த ஓரங்கள், கால்களிலிருந்து சொட்டும் தண்ணீர். ஒரேயொரு படம். ஒரு சிறகுகூட வெளியே போகவில்லை. அப்படியொரு படத்தை நான் அதற்குப் பிறகும் எடுத்ததில்லை. பொறாமையில் எனக்குக் காது சுட்டது.

"கமரா என்ரை, குவியம் நான் வைச்சது, திட்டம் முழுக்க என்ரை" என்று தலைவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ஓம் ரீச்சர். ஆனா அமத்தினது அவர்."

வெள்ளிக்கிழமை நடுச் சட்டத்துக்குள் அந்தப் படம் ஏறியது. கீழே, 'குலசிங்கம், நீர்வேலி'. மற்றப் படங்களைக் கழற்றிய பிறகும் நூலகத்தார் அதை மட்டும் விட்டுவைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தம் வந்தால் கமலாக்கா முதலில் நூலகத்துக்கும் பிறகு எங்கள் வீட்டுக்கும் கூட்டி வருவார். "உவதான் அந்தக் கமராக்காரி. படம் எடுக்கேக்கை இவ வானிலை போய்க்கொண்டிருந்தவ" என்று என்னைக் காட்டுவார்.

வந்தவர்கள் சிரித்து முடிந்ததும் அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துக்கொண்டு தன் தீர்ப்பைச் சொல்வார். இத்தனை வருஷத்தில் ஒரு சொல்லும் மாறியதில்லை.

"நல்ல நேரத்திலை வெளிக்கிட்டது கமரா. அதின்ரை காரியம் ஆச்சுது. சூலத்திலை வெளிக்கிட்டது இவ."

இருபது வருஷமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். இதில் எந்தப் படியில் பிழை என்று என்னால் இன்னும் காட்ட முடியவில்லை.