தோற்றவனுக்கு ஒரு புள்ளி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். என் முழங்கால் மட்டும் தன் போக்கில் இருக்கிறது. அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவள் போனை எடுக்காததால் நம்பத்தான் முடிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறுதோறும் உங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுகிறோமே, அந்தக் கதை விளையாட்டில் எனக்கு அநியாயம் நடந்திருக்கிறது. கதையை நடத்துபவர் நீங்கள் என்பதால் புகாரும் உங்களுக்கே. ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு நடத்தியே ஓய்வு பெற்றவன் நான். ஓரக்கல்லில் சக்கரம் உரசினாலே, போய்ப் பழகிவிட்டு வா என்று திருப்பி அனுப்பிய ஆள். உங்கள் விளையாட்டிலோ சரியாகச் செய்தவனுக்கு ஒன்றும் கிடையாது. முயன்று தோற்றவனுக்குத்தான் அந்தத் திறமையில் ஒரு புள்ளி கூடும். என் பாத்திரமான திருடன் எல்லாப் பூட்டையும் திறந்தான், ஆகவே ஆரம்பித்த இடத்திலேயே நின்றான். ஆறு கண்ட இடமெல்லாம் மூழ்கிய என் மகளின் பாத்திரமான வைத்தியச்சி நீச்சலில் எங்கேயோ போய்விட்டாள். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "தெரிஞ்சதையே செஞ்சா என்ன மாமா கத்துக்க முடியும்?" என்றீர்கள்.

சரி, தோற்பதுதானே வேண்டும் என்று நானும் இறங்கினேன். குதிரை கிடைத்தால் ஏறி விழுந்தேன். தெரியாத மொழியில் வியாபாரியிடம் பேரம் பேசி உதை வாங்கினேன். சமையலில் தேறுவதற்காகக் காளான் சமைத்து நம் கூட்டத்தையே படுக்க வைத்தேன். திறமைகளைக் குறித்து வைக்கும் என் தாளில் புள்ளிகள் ஏறின, மற்றவர்கள் முகம் இறங்கியது. போன ஞாயிறு, சிறையிலிருந்து நம் ஆட்களை மீட்க வேண்டும். வாசலில் காவலன் தூங்குகிறான். "அப்பா, பூட்டை மட்டும் திறங்க. வேற எதுவும் வேண்டாம்" என்று என் மகள் கெஞ்சினாள். எனக்கோ பாடும் திறமையில் ஒரே புள்ளி. பாடினேன். காவலன் விழித்தான், வைத்தியச்சி வெட்டுப்பட்டுச் செத்தாள். ஒரு வருடமாக அவள் வளர்த்த பாத்திரம். தாளை மடித்து வைத்துவிட்டு, "அடுத்த வாரம் நீங்க வர வேண்டாம்ப்பா. நான் சொல்றது எப்பவுமே உங்க காதுல ஏறாது" என்று உள்ளே போய்விட்டாள்.

அவள் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் பேச்சு, சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதோடு முடிந்துவிடும். அந்த மேசையில்தான் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதுவும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. ஆகவே ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லோருக்கும் ஒரே அளவு புள்ளி என்று விதிமுறையை மாற்றிவிடுங்கள். தவறு விதிமுறையில்தான், என்மேல் இல்லை என்பதையும் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவும்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். பகடை உங்கள் பக்கமே விழட்டும்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அவளே போன் செய்தாள். வாயைத் திறக்காமல் கேட்பது என்று முடிவு செய்தேன். புது மேலாளர் எல்லோர் முன்னாலும் திட்டியதைச் சொன்னாள். நடுவில் புகுந்து யோசனை சொல்லிவிட்டேன். அவள் தொடர்ந்தாள், நான் மறுபடியும் புகுந்தேன். "அப்பா" என்றாள். நிறுத்திக்கொண்டேன். அவள் போனை வைக்கவில்லை, வெகுநேரம் பேசினாள். விதிமுறையை மாற்ற வேண்டாம் மாப்பிள்ளை. என் தாளின் அடியில் 'காது கொடுத்துக் கேட்டல்' என்று ஒரு திறமை இருக்கிறது, நான் இதுவரை தொட்டதே இல்லை. அதில் ஒரு புள்ளி போட்டு வையுங்கள்.