இடப்பக்கம் இழுத்த கார்

படித்தவனிடம் பழுதான எதையும் காட்டக் கூடாது. ‘தெரியவில்லை’ என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. எனக்கும் வரவில்லை. அதனால் ஒரு நல்ல மனிதரின் வேலை போயிற்று. என் கல்யாணமும் போகப் பார்த்தது.

யுத்தம் முடிந்த சமயம். மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு அருப்புக்கோட்டையில் தாய்மாமா வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். (மாமாவைப் பார்க்க என்று சொல்லிக்கொள்வேன். பார்த்தது அவர் மகள் ராஜத்தை.) மாமா பருத்தி வியாபாரி. பெரிய மனசு, அதைவிடப் பெரிய சரீரம். ஒரு துரையிடம் வாங்கிய பழைய கார் வைத்திருந்தார். அது எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். ரோட்டோரப் புளியமரங்களை ஒவ்வொன்றாக நலம் விசாரித்துக்கொண்டே போகும்.

“ஏலே, மோட்டார் புஸ்தகமெல்லாம் படிச்சிருக்கியாமே. இந்த வண்டிய நேராக்கிக் காட்டு. அப்புறம் ராஜம் விசயத்த ஒங்க அம்மாகிட்டப் பேசுவோம்” என்றார் மாமா.

சோதனைக்காக அவரைக் காரில் ஏற்றி அலைக்கழிப்பது மரியாதையா? நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. மாமா ஏறி, டிரைவர் சவரிமுத்து ஓட்டினால் இழுத்தது. இதிலிருந்து பி.ஏ. கண்டுபிடித்தது: “டிரைவர் கை சரியில்ல மாமா.” சவரிமுத்துவைப் பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குக் காவலுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் சாவியை என் கையில் கொடுத்தது இன்றும் உறுத்துகிறது.

பிறகு மாமாவை ஏற்றிக்கொண்டு, நல்லவேளையாக அவர் பின்னால் தூங்க, நானே ஓட்டினேன். இழுத்தது.

பின் சீட்டில் இடது மூலைதான் மாமாவின் இடம். அவருக்குச் சமமாகப் பக்கத்தில் உட்கார யாருக்கும் துணிச்சல் கிடையாது. அத்தைகூட வில்வண்டியில்தான் பின்னால் வருவார். வருஷக்கணக்காக அந்த ஒரு மூலையே பாரம் தாங்கி, அந்தப் பக்கத்து ஸ்பிரிங் தளர்ந்து, அவர் ஏறினாலே படுத்துவிடும். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பெண் கேட்கிற வாயால், ‘கோளாறு நீங்கள்தான்’ என்று எப்படிச் சொல்வது?

எனவே எந்தப் புத்தகத்திலும் இல்லாத வைத்தியம் ஒன்று செய்தேன். வலது முன் டயரில் பாதிக் காற்றை இறக்கினேன். காற்று குறைந்த பக்கம் வண்டி இழுக்கும் அல்லவா? இடப்பக்கம் மாமா இழுக்க, வலப்பக்கம் டயர் இழுக்க, கார் நடுரோட்டில் ராஜநடை போட்டது.

அப்படியே திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு களத்துக்குப் பருத்தி வாங்கப் போனோம். விலை பேசி முடித்த மாமா, வில்வண்டியில் வந்து சேர்ந்த அத்தையையும் ராஜத்தையும் காட்டி, “மாப்ளே, இவுகள கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வா” என்றார். (‘ஏலே’, ‘மாப்ளே’ ஆனதைக் கவனித்தேன். மாமா காரில் இல்லாததைக் கவனிக்கவில்லை.)

இருவரும் ஒல்லி. கண்ணாடியில் ராஜத்தைப் பார்த்தபடி ஒற்றைக் கையால் ஓட்டினேன். கார் வலப்பக்கம் பாய்ந்து, மாமா அப்போதுதான் வாங்கிய பருத்தி அம்பாரத்துக்குள் புகுந்து நின்றது.

யாருக்கும் அடியில்லை. களமே எடை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

“என்னலே இது? சரி பண்ணிட்டேன்னியே?” என்றார் மாமா.

ஆடு குறுக்கே வந்தது என்று சொல்லியிருக்கலாம். கிட்டங்கி வாசலில் உட்கார்ந்திருக்கும் சவரிமுத்து நினைவுக்கு வந்தார். டயர் வைத்தியத்தைச் சொன்னேன். “கோளாறு ஒங்க பாரந்தான் மாமா” என்றும் சொன்னேன்.

தலையிலிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டே அத்தைதான் பேசினார்: “நம்ம வீட்டு ஊஞ்சலும் ஒருபக்கமாத்தான் சாயுது. அதுக்கு எந்த டிரைவரு?”

முதலில் மாமாவின் வயிறு குலுங்கியது. பிறகுதான் சிரிப்புச் சத்தம் வந்தது. சிரித்து முடித்ததும் முகம் மாறியது. “அப்ப சவரிமுத்து கை நல்லாத்தான் இருந்திருக்கு. மொதல்ல அவன்கிட்டப் போய் மன்னிப்புக் கேளு. அப்புறம் பொண்ணு கேளு.”

கேட்டேன். சவரிமுத்து வந்து முதல் வேலையாக வலது டயருக்குக் காற்றடித்தார். அன்று முதல் அத்தை மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். ஊர் ஒரு மாதிரி பார்த்தது. கார் ஓரளவு நேராகப் போயிற்று.

ராஜத்தைத்தான் கட்டிக்கொண்டேன். போன வாரம் கூடத்து மின்விசிறி ஆட்டம் கண்டது. அண்ணாந்து பார்த்து, காரணம் சொல்ல வாயெடுத்தேன். வெற்றிலைத் தட்டிலிருந்து நிமிராமலே ராஜம் கேட்டாள்:

“எங்க அப்பாவ எறக்கிவிட்டுப் பாத்தீகளா?”