மூன்றாவது கோயில்

சொந்த ஊரைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு வாய் நீளம். பார்த்த இடத்தைவிடப் பார்க்காத இடத்தைப் பற்றி இன்னும் நீளம். கல்யாணமான எட்டாம் நாளே இதை நிரூபித்துவிட்டேன்.

ஐம்பதுகளில் ஒரு மாசி மாதம். மறுவீட்டுக்குப் புதுக்கோட்டை வந்திருந்த என் மாமியார், பொருட்காட்சி ராட்டினத்தில் சுற்றிவிட்டு இறங்கினார். தஞ்சாவூர்க்காரர். காவிரியும் பெரிய கோயிலும் தம் வீட்டுச் சீதனம் என்ற நினைப்பு.

"ராட்டினத்த விட்டா ஒங்க ஊர்ல வேற என்னம்மா இருக்கு? ஒரே பொட்டலு!"

பொட்டலா! பாறைமேல் வெயில் படுத்துப் பொன்னாகிற என் ஊரா?

"கொடும்பாளூர்ல மூவர் கோயில் இருக்கு அத்தை. வரிசையா மூணு! நாளைக்கே காட்டுறேன்." (பாடப்புத்தகத்தில் படித்ததோடு சரி.) காட்டாவிட்டால் ஆயுசுக்கும் நான் பொட்டல்காரி.

இரண்டு பஸ் மாறி, புளிச்சோற்றுத் தூக்கோடு போய்ச் சேர்ந்தோம். கல்லுக்கு மூச்சு வந்ததுபோல் இரண்டு விமானங்கள். மாமியார் அண்ணாந்து பார்த்தார். பிறகு விரல் நீட்டி எண்ணினார்.

"ரெண்டுதானே இருக்கு?"

"மூணாவது பின்னாடி இருக்கும் அத்தை."

பின்னால் எருக்கஞ்செடி இருந்தது.

"அப்ப அங்கிட்டு இருக்கும்."

அங்கிட்டு ஆடு மேய்ந்தது. மூன்றாம் சுற்றில் என் கணவர் முனகினார்: "ராட்டினமே தேவலாம். உக்காந்துக்கிட்டே சுத்தலாம்."

மாமியார் அகலமான ஒரு கல்மேடையில் பொத்தென்று உட்கார்ந்து தூக்கைத் திறந்தார். "இருக்குறத சொன்னாப் போதாதா? இல்லாததுக்கு எதுக்கும்மா இம்புட்டுப் பெருமை?"

எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் புல்லறுத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தார்.

"என்னம்மா தேடுறீங்க?"

"மூணாவது கோயிலுங்க."

அரிவாளால் மாமியாரைக் காட்டினார். "அந்த ஆத்தா உக்காந்து சோறு திங்கிறாங்கல்ல, அதாம்மா. மேல இடிஞ்சு போச்சு. அடி மட்டுந்தான் மிச்சம்."

மாமியார் துள்ளி எழுந்து, சோற்றுக் கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். குனிந்து, தாம் உட்கார்ந்திருந்த கல்லின் வேலைப்பாட்டை வெகுநேரம் பார்த்தார். "மூணுதான்" என்றார் மெதுவாக.

இன்றும் எங்கள் வீட்டில் சாவி காணாமல் போனால் யாரும் தேடுவதில்லை, உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிடுகிறார்கள். மாமியார் மட்டும், இருந்தவரை, இதற்குச் சிரித்ததே இல்லை. தஞ்சாவூர்ச் சொந்தங்களை உட்காரவைத்துக் கேட்பார்:

"நீங்கள்லாம் பெரிய கோயில அண்ணாந்துதானே பாத்திருக்கீங்க? எங்க புதுக்கோட்டையில நான் கோயில் மேலயே உக்காந்து புளிச்சோறு தின்னவ!"