மஜீத் காக்காவின் அத்துமீறல் பலகை

இதை எனக்கு முதலில் சொன்னவர் என்ட கூடப்பிறந்த மூத்த காக்கா அப்துல் மஜீத். நாட்டுச் சண்டை முடிந்த அடுத்த வருசத்து ஹஜ்ஜுப் பெருநாள் அன்று, பள்ளியால் தொழுதுவிட்டு வந்த கையோடு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் கதிரையைப் போட்டு, வட்டிலப்பம் தின்றபடியே சொன்னார். காக்கா கோட்டில் வழக்குக்குப் பேர் கூப்பிடுகிற பியூனாக இருந்து பென்சன் எடுத்தவர். தன்னை வைத்தே சிரிக்கத் தெரிந்த மனிசன். அவர் பொஞ்சாதி, என் மதினி, பேர் சித்தி நபீஸா; சித்தி என்பது முறை இல்லை, பேரோடு வந்தது. அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். நான் அதிகம் படித்தவள் இல்லை, சோடித்துச் சொல்ல வராது. வந்து குந்தியிருக்கிற உங்களுக்கு, அவர் வாயில் வந்ததை அப்படியே சொல்கிறேன். இனி வருவது காக்காவின் பேச்சு.

தங்கச்சி, ஒரு ஆம்பிளையின் மானம் எந்த இடத்தில் போகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கிணற்றடியில் போகும்.

தலை நிறையச் சவுக்காரம். கண்ணைத் திறக்க ஏலாது. இடுப்பில் சாரன். அதுவும் நனைந்து, இருக்கவா போகவா என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்பக்கத்தால் காலடிச் சத்தம். ஒரு காலடி இல்லை, ஊர்வலம்.

"மச்சான், நீங்க குளிங்க. நாங்க பார்க்கல்ல."

அது நஸீறா. உன்ட மதினிட தங்கச்சி.

"ஓம், நாங்களும் பார்க்கல்ல," என்றது அவளுக்குப் பின்னால் ஒரு குரல். "முதுகுல இடப்பக்கம் சவுக்காரம் படல்ல. தேச்சிடுங்க."

பார்க்காதவர்களுக்கே இவ்வளவு தெரிந்தால், பார்த்தவர்களுக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்கும்?

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். நம்மட ஊரில் வாப்பாமார் வீடு வளவைப் பெண்பிள்ளைகளுக்குத்தான் பிரித்துக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேர்வான். என் மாமனாரும் ஒரே காணியை இரண்டாக்கி முன்பாதியை மூத்தவள் சித்தி நபீஸாவுக்கும் பின்பாதியை நஸீறாவுக்கும் கொடுத்தார். எங்கள் வாசல் ஒரு ஒழுங்கையில், நஸீறாட வாசல் அடுத்த ஒழுங்கையில். முதுகோடு முதுகு ஒட்டின இரண்டு வளவு. நடுவில் வேலி, வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கடப்பு. சுனாமி வேலியைக் கொண்டுபோனது. கடப்பைக் கொண்டுபோகவில்லை! வேலியே இல்லாத வெட்டவெளியிலும் பெண்கள் அந்த இடத்தாலேயேதான் குனிந்து நுழைந்து வந்தார்கள்.

அதால் என் தேங்காய்த் துருவலை போகும். என் ஏணி போகும். நான் வாசிக்க முதல் என் பேப்பர் போகும். பிறகு நெத்தலியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரும். ஊர்ச்செய்தியை நான் மீன் செதிலோடுதான் வாசித்தேன்.

சண்டை முடிந்ததும் ஊரில் எல்லாருக்கும் மதில் ஆசை பிடித்திருந்தது. எனக்கும் பிடித்தது. ஈரத் தலையோடு நின்று சபதம் எடுத்தேன். இனி என் வளவுக்குள் அனுமதி இல்லாமல் ஈ எறும்பும் வராது!

மேசன் முகைதீன்பாவாவைப் பிடித்தேன். வேலி போன இடத்தில் கரைக்குக் கரை மதில் எழும்பியது. சித்தி நபீஸா மறித்து ஒரு சொல் சொல்லவில்லை. மேசனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் நின்று பேசினாள். வந்துவிட்டாள். அவள் பேச்சில் நான் தலையிடுவதில்லை. ஏனென்றால் அவள் என்னைச் சேர்ப்பதில்லை.

மதில் காய்ந்ததும் முன்கேட்டில் ஒரு பலகை தொங்கவிட்டேன். சிவப்பு எழுத்து. எத்தனை அத்துமீறல் வழக்குக்கு நான் கோட்டில் பேர் கூப்பிட்டிருப்பேன்! வசனம் எனக்கு மனப்பாடம். சித்தி நபீஸா வந்து நின்று பார்த்தாள்.

"என்ன எழுதியிரிக்கி?"

"வாசியேன்."

"'அத்துமீறி உட்பிரவேசிப்போர் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்படும். இங்ஙனம், உரிமையாளர்.' வாசிச்சிட்டன். விளங்கப்படுத்துங்க."

"அத்து எண்டா எல்லை. காணிச் சொந்தக்காரர்ட அனுமதி இல்லாம எல்லையத் தாண்டி உள்ளுக்குக் கால் வச்சா, அதுதான் அத்துமீறல்."

"கோழி வந்தா?"

"கோழிக்குப் பொருந்தாது."

"நஸீறாட முருங்கக் கொப்பு இஞ்சால சாஞ்சா?"

"அது வேற பிரிவு."

"மழத்தண்ணி?"

"சட்டத்தோட விளையாடாத சித்தி நபீஸா."

"விளையாடல்ல. தெரியாததக் கேக்கிறன். கடல் வந்த அண்டைக்கு மகளக் கையில புடிச்சி இழுத்துட்டு நஸீறாட வளவுக்குள்ள ஓடினோமே, அது?"

எனக்கு இருமல் வந்தது. "அது அவசரம். அவசரத்துக்குச் சட்டத்துல விலக்கு இரிக்கி."

"சண்டையில றோட்டுல துவக்குச் சூடு விழக்குள்ள ஊட்டுக்கு ஊடு அதாலதானே போய் வந்தோம்?"

"அதுவும் அவசரம். இப்பதான் சண்டை முடிஞ்சிட்டே. கடலும் இனி வராது."

"கடல் உங்கள்ட்டச் சொல்லிச்சா?"

நான் பலகையைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

"கடைசியா ஒண்டு," என்றாள். "இந்த உரிமையாளர் ஆரு?"

"நான்தான்! வேற ஆரு?"

"சரி."

தங்கச்சி, கோட்டில் நீதவான் 'சரி' என்றால் வழக்கு முடிந்தது. சித்தி நபீஸா 'சரி' என்றால் அப்போதுதான் தொடங்குகிறது.

அடுத்த நாள் விடிந்தது. என்ன அமைதி! பேப்பரை நானே முதலில் பிரித்தேன். ஆறுதலாகக் குளித்தேன். முதுகில் இடப்பக்கமும் தேய்த்தேன். மகாராசாவைப் போல் சோற்றுக்குக் குந்தினேன். சோறு, பருப்பு, முடிந்தது. மீன் கறியைக் காணவில்லை.

"மீனாணம் எங்க?"

"மதிலுக்கு அங்கால."

"என்ன?"

"ஆணம் நஸீறா ஆக்கிறவ. சோறும் பருப்பும் நான். ரெண்டு ஊட்டுக்கும் அப்படித்தானே இவ்வளவு காலமும்."

"நான் உன்ட ஆணம் எண்டெல்லவா ருசிச்சிப் புகழ்ந்த!"

"ஓம். அவட்டச் சொல்லிருவன்."

பருப்பு தொண்டையில் நின்றது. கோப்பையை எடுத்து மடக்கென்று குடித்தேன். குடித்த வேகத்தில் துப்பினேன்.

"என்னடி இது, உவர்க்குது!"

"நம்மட கிணத்துத் தண்ணி. சுனாமியோட உவர்த்ததுதானே."

"அப்ப இவ்வளவு நாளும் நான் குடிச்ச தண்ணி?"

"நஸீறாட கிணத்துத் தண்ணி. அது மேட்டுக் கிணறு, உவர்க்கல்ல."

"அது எப்படி இஞ்ச வந்த?"

"பொண்டுகள் அத்துமீறிக் கொண்டு வந்த."

நெஞ்சுக்குள் ஏதோ இடிந்தது. மதில் இல்லை. மதில் நன்றாகத்தான் நின்றது.

"சரி, நீ போய் ஒரு குடம் அள்ளிட்டு வா."

"எதால? றோட்டால போறதெண்டா அபாயா போடணும். ஒரு குடத்துக்கு ஒருக்கா அபாயா போட்டு, குடத்தத் தலையில வச்சிட்டு, பள்ளி வாசலால, தேத்தண்ணிக் கடையால வரவா? உரிமையாளர்ட பொஞ்சாதி?"

அந்த 'உரிமையாளர்' அவள் வாயில் வரும்போது சிவப்பு எழுத்திலேயே வந்தது.

நான் போனேன். சைக்கிளுக்குப் பின்னால் தண்ணிக் கேனைக் கட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கையால் இறங்கி, பெரிய றோட்டில் ஏறி, பள்ளியைச் சுற்றி, தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் வந்தால், அங்கே ஊரே இருக்கிறது.

"என்ன மஜீத் காக்கா, ஆத்துக்குப் போறீங்களா?"

"இல்ல. தண்ணிக்கு."

"தண்ணிக்கா? மதில் அவ்வளவு உசரமா கட்டிட்டீங்களோ?"

சிரிப்பு என் சைக்கிளுக்கு முன்னால் ஓடி, நஸீறாட ஒழுங்கைக்கு என்னை விட முதலில் போய்ச் சேர்ந்தது. அங்கே அவள் கேட்டில் பார்த்தால், ஒரு பலகை! அதே சிவப்பு. அதே வசனம். எனக்கு எழுதித் தந்த அதே ஆள், எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருக்கிறான்.

உள்ளே நஸீறாட புருசன் அசனார் கதிரையில் இருந்தான். பலகையைக் கண்ணால் காட்டினான். கையை விரித்தான். "நான் என்ன செய்ய மச்சான்? வளவு அவட."

நஸீறா வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

"அனுமதி இரிக்கா மச்சான்?"

"ஆருட அனுமதி புள்ள?"

"எனக்குச் சட்டம் தெரியா. தண்ணி கேக்கிறது அந்த வளவு. அந்த வளவுக்காரி சொன்னா நான் தருவன்."

"அந்த வளவுக்காரன்தான் முன்னுக்கு நிக்கிறன்!"

"வாப்பா அத ராத்தாவுக்குத்தானே கொடுத்த? உங்களுக்குக் கொடுத்ததா ஞாபகமில்ல. நீங்க பெட்டியோட வந்ததுதான் ஞாபகம்."

அசனார் தோள் துண்டை முகத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். அழவில்லை என்று நினைக்கிறேன்.

திரும்பிப் போனேன். தேத்தண்ணிக் கடை. சிரிப்பு. சித்தி நபீஸாவிடம் கேட்டேன். "குடுக்கச் சொன்னன் எண்டு சொல்லுங்க," என்றாள். திரும்பி வந்தேன். தேத்தண்ணிக் கடை. இப்போது எழும்பி நின்றே சிரித்தார்கள். நஸீறா கேட்டாள்: "ராத்தா சொன்னதுக்கு அத்தாட்சி?" பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வரச் சொல்லி அனுப்பினாள். எத்தனை சனத்துக்கு நான் கோட்டில் வழக்கு ஒத்திப்போட்ட தவணைத் திகதி கூப்பிட்டிருப்பேன்! தாகத்தோடு தவணை வாங்கினவன் எப்படி வீட்டுக்குப் போவான் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

ஆத்திரத்தில் எங்கே வந்தேன்? உன்னிடம்தான் வந்தேன். நீ என்ன கேட்டாய், ஞாபகம் இருக்கா? "காக்கா, மதினிட்டச் சொல்லிட்டா வந்தீங்க?"

நீயுமா!

உன் வாசலில் நின்று யோசித்தேன் தங்கச்சி. இந்த வீட்டுக்கு நானே மண் சுமந்தேன். கல் சுமந்தேன். உன் கலியாணத்தோடு அது உன்னுடையது. அந்த வீடு சித்தி நபீஸாவுடையது. மகள் கலியாணத்தோடு அதுவும் மகளுக்குப் போகும். அப்போ எனக்கு? காலை எங்கே வைத்தாலும் ஒருத்தியின் எல்லை. பிறந்ததிலிருந்து நான் அத்துமீறிக்கொண்டேதான் வாழ்ந்திருக்கிறேன். உம்மா, நீ, அவள், மகள்... ஒருத்தியும் ஒரு நாளும் வழக்குப் போடவில்லை. பலகை தொங்கவிட்டவன் நான் ஒருத்தன்தான்.

நீ தந்த தண்ணியைக் குடித்துவிட்டு நேரே மேசன் வீட்டுக்குப் போனேன். ஆனாலும் ஆம்பிளை இல்லையா, காரணம் ஒன்று வேண்டுமே.

"முகைதீன்பாவா, பின்பக்கம் காத்து வருகுதில்ல. காத்துக்கு ஒரு வழி விடணும்."

"ஆள் போற அளவுக்கா, காக்கா?"

"காத்து பெரிய காத்து."

சம்மட்டி எடுக்கச் சொன்னேன். அவன் வெறுங்கையோடு வந்தான். கடப்பு இருந்த அதே இடத்தில் உள்ளங்கையை வைத்தான். தள்ளினான். கல்லெல்லாம் சொன்னபடி கேட்கிற பிள்ளைகளைப் போல் விழுந்தன. ஒன்றும் உடையவில்லை. நான் ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இந்த இடத்துக்கு மட்டும் சீமெந்து வைக்கல்ல காக்கா. மண்ணுல அடுக்கி மேலால பூசின. மதில் கட்டின அண்டைக்கே, தேத்தண்ணி கொண்டு வரக்குள்ள உங்கட பொஞ்சாதி சொல்லிட்டா. 'அவர் இத உடைக்கச் சொல்லி உங்கள்ட்ட வருவார். கல்லு வீணாப் போயிராம வைங்க' எண்டு."

சித்தி நபீஸா குசினியால் வந்தாள். கையில் என் பலகை. கேட்டிலிருந்து எப்போது கழற்றினாளோ! விழுந்த மண் சேறாகுமே என்று அதைக் கடப்பில் படியாகப் போட்டாள். எழுத்து மேல்பக்கம். 'உரிமையாளர்' சரியாகக் கால் படுகிற இடத்தில்.

மதிலுக்கு அந்தப் பக்கம் நஸீறா நின்றாள். இடுப்பில் நிறைகுடம். பின்னால் அசனார், கையில் மீனாணச் சட்டி. அவள் பலகையில் காலைத் துடைத்தாள். மரியாதையாகக் கேட்டாள்:

"உள்ளுக்கு வரலாமா?"

என்னதான் இருந்தாலும் என் பலகைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது! நெஞ்சை நிமிர்த்தினேன். "வா புள்ள, அனுமதி தாறன்," என்றேன்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க மச்சான்," என்றாள். "நான் ராத்தாட்டக் கேட்டன்."

காக்கா சொன்னது இவ்வளவுதான். சொல்லி முடித்து, வட்டிலப்பத் தட்டையும் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். இப்போதும் பகலில் நினைத்த நேரம் வருவார். பின்பக்கத்தால்தான் வருவார், கூப்பிடாமலேதான் வருவார். வரட்டும், மண் சுமந்தவர்.

நீங்கள் எழும்புகிறீர்கள் போல. போகும்போது அந்தப் பின்கேட்டுக் கொக்கியைப் போடாமல் போங்க.