அறுபது கிலோவுக்கு இந்தப் பக்கம்

எடை போட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. இன்பராஜ் ஒன்பதாவது வாழைப்பழத்தை உரித்தான்.

"இதுக்கு மேல எறங்காது," என்றான்.

"எறங்கும். தண்ணியக் குடிங்க," என்றாள் ஞானபூரணி. அவன் மனைவி, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எது இறங்கும், எது இறங்காது என்பது அவளுக்குத் தெரியும்.

"அவன் அறுபத்தொண்ணு இருக்கான்னு நல்லாத் தெரியுமா?"

"சிவகாசியிலருந்து வந்த ஒருத்தவுக சொன்னாக. அறுபத்தொண்ணுக்கும் மேலதான்."

இன்பராஜ் பத்தாவது பழத்தைப் பார்த்தான். பழம் அவனைப் பார்த்தது.

மாவட்டத்தில் அந்த எடையை ஒட்டிய குத்துச்சண்டைக்காரர்கள் இரண்டே பேர். விருதுநகரில் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் இன்பராஜ். சிவகாசியில், பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டும் வெள்ளைத்துரை. அறுபது கிலோ வரை லைட்வெயிட். ஒரு கிராம் கூடினாலும் அடுத்த வகுப்பு. ஆறு வருடங்களாக இருவரும் அந்தக் கோட்டின் இரண்டு பக்கங்களில் நின்றார்கள். அவனைப் பிடிக்க இவன் ஏறிய வருடம் அவன் இறங்கியிருந்தான். இவன் இறங்கிய வருடம் அவன் ஏறியிருந்தான். எதிராளி இல்லாததால் இருவருக்கும் ஆளுக்கொரு கோப்பை.

வீட்டில் ஆறு கோப்பைகள் இருந்தன. இன்பராஜின் மூக்கு நேராக இருந்தது. காலையில் முகம் மழிக்கும்போதெல்லாம் அது அவனை வருத்தியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் அவன் பட்டாளத்தில் இருந்தான். பெங்களூரில் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தார்கள். வளையத்தில் ஏற அவன் முறை வருமுன் பட்டாளத்தைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு மாலை, மூன்று சுற்று அடித்துக்கொண்ட இருவர், மணி அடித்ததும் கட்டிக்கொண்டதைப் பார்த்தான். இருவர் முகமும் வீங்கியிருந்தது. இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் அப்படியொரு சிரிப்பைப் பார்க்கவில்லை.

முப்பத்தைந்து வயதுக்கு மேல் வளையத்தில் ஏற விடமாட்டார்கள். அவனுக்கு முப்பத்து நான்கு.

பத்தாவது பழத்தை உரித்தான்.

மிளகாய் வத்தல் மூட்டைகள் அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் எடை போட்டார்கள். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு அங்கேதான் இருந்தது. குத்துச்சண்டைச் சங்கச் செயலாளர் தேவாசீர்வாதம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏறுங்க, மாஸ்டர்."

ஏறினான். தும்மினான்.

"தும்மாம நில்லுங்க."

"முடியல, சார்."

"அறுபது எழுநூறு. மேல் வகுப்பு."

இன்பராஜுக்குக் கண் கலங்கியது. வத்தல் மட்டும் காரணமல்ல.

"வெள்ளைத்துரை வந்தாச்சா?"

"அப்பவே வந்து நின்னுட்டுப் போயிட்டான்." தேவாசீர்வாதம் சிலேட்டைத் திருப்பிக் காட்டினார். ஐம்பத்தொன்பது எழுநூறு. "மூணு நாளா வெறும் கஞ்சித்தண்ணியாம். வேட்டி இடுப்புல நிக்கமாட்டேங்கு."

இன்பராஜ் தராசிலிருந்து இறங்கவில்லை.

"ஒன்பது மணி வரைக்கும் மறுபடி நிக்கலாம்," என்றார் தேவாசீர்வாதம். "விதி இருக்கு. இப்ப எறங்குங்க, மூட்டை நிறுக்கணும்."

வாசலில் ஞானபூரணி கம்பளியோடு நின்றாள். சித்திரை வெயிலில் கம்பளியை எதற்குக் கொண்டுவந்தாள் என்று கேட்க நேரமில்லை.

"போர்த்திக்கிட்டு ஓடுங்க. வேர்த்தாக் குறையும்."

"வெள்ளைத்துரைகிட்ட அப்படியே இருக்கச் சொல்லணும்."

"நான் சொல்லிக்கிறேன். நீங்க ஓடுங்க."

கிட்டங்கியைச் சுற்றி ஓடினான். லோடு ஏற்றுகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"மாஸ்டருக்குக் குளிர் காய்ச்சல் போலலே."

"காய்ச்சக்காரன் எதுக்குலே ஓடுதான்?"

"ஊசிக்குப் பயந்துதான். பொண்டாட்டி நர்ஸுல்லா."

ஐந்தாவது சுற்றில் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். பழங்கள் அவனை விட்டுப் போயின. அதன் பின் ஓடுவது எளிதாக இருந்தது.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம். கம்பளியைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி ஏறினான்.

"ஐம்பத்தொன்பது தொள்ளாயிரம்," என்றார் தேவாசீர்வாதம். "லைட்வெயிட்."

இன்பராஜ் இரண்டு கைகளையும் தூக்கினான்.

வெள்ளைத்துரை உள்ளே வந்தான். உதட்டில் எண்ணெய் மினுங்கியது.

"அண்ணாச்சி, பிடிச்சிட்டேன்," என்றான். "எட்டு புரோட்டா."

தராசில் ஏறினான். அறுபது நானூறு.

தேவாசீர்வாதம் தராசை மறுபடி பார்த்தார்.

"எதுக்குலே தின்ன?" என்றான் இன்பராஜ்.

"நீங்க மேல இருக்கீகன்னு எங்க வீட்டுல ஓடிவந்து சொல்லுச்சு. புரோட்டாவும் அதுதான் வாங்கியாந்துச்சு."

"அப்படியே இருன்னு சொல்லச் சொன்னேனே."

"நான் தின்னுட்டு இருந்தேன், அண்ணாச்சி. காதுல விழுந்திருக்காது."

கடிகாரம் ஒன்பது அடித்தது. தேவாசீர்வாதம் நோட்டை மூடினார்.

"ரெண்டு பேரும் சாம்பியன்," என்றார். "சந்தோசமாப் போங்க."

இருவரும் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு குத்துங்க, அண்ணாச்சி," என்றான் வெள்ளைத்துரை. "மூக்குலயே குத்துங்க. பிறகு நான் ஒண்ணு."

"வளையத்துக்கு வெளிய குத்துனா அது தெருச்சண்டை."

"தெருச்சண்டையாவே இருக்கட்டும்."

"சங்கத்துலருந்து பேரை எடுத்துருவாக. எனக்கு இன்னும் ஒரு வருசம் இருக்கு." இன்பராஜ் அவன் தோளில் கை வைத்தான். கட்டிக்கொள்ளத் தோன்றியது. அடித்துக்கொள்ளாமல் எப்படிக் கட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. கையை எடுத்துக்கொண்டான்.

மாலையில் பள்ளி மைதானத்தில் வளையம் கட்டியிருந்தார்கள். இன்பராஜ் கையுறையோடு ஏறி நின்றான். எதிர் மூலை காலியாக இருந்தது. விதிப்படி மணி அடித்தார்கள். எதிர் மூலையை நோக்கி ஓரடி வைத்தான். நடுவர் அவன் கையைப் பிடித்து உயர்த்தினார். அடுத்து வெள்ளைத்துரை ஏறினான். அதே மணி, அதே காலி மூலை.

கூட்டத்தின் ஓரத்தில் ஞானபூரணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெள்ளைத்துரையின் மனைவி ஆவுடைத்தாய். அவளுடைய இரண்டு பிரசவத்தையும் பார்த்தது ஞானபூரணிதான். இருவரும் இரண்டு சாம்பியன்களுக்கும் கை தட்டினார்கள். ஏழாவது கோப்பையோடு இன்பராஜ் அவர்கள் பின்னால் வந்து நின்றதை இருவரும் பார்க்கவில்லை.

"அக்கா," என்றாள் ஆவுடைத்தாய், "அடுத்த வருசம் எங்க வீட்டுக்காரர ஏத்தணுமா, எறக்கணுமா?"